எல்லாத் தலையும் திரும்பியபோது

குடிக்கிறார் என்றே செங்கமலம் முடிவு கட்டிவிட்டாள்.

போன வாரம் முத்துராமன் வாசற்படியில் இடறி, அடுப்படி ஓரத்து மோர்ச்செம்பை உதைத்துக் கொட்டிவிட்டு, "இதை எவ இங்கன வச்சது?" என்று வீடு அதிரக் கத்தினாரே, அன்றைக்கு விழுந்த சந்தேகம். செம்பு என்றைக்கும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. இடம் மாறியது அவர் கால்தான். எதற்கும் அதிர்ந்து பேசாத மனிதர், அதற்கப்புறம் தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று விழுந்தார். சட்டையைத் தோய்க்க எடுக்கும்போது அவள் முகர்ந்து பார்த்தாள். பீடி நாற்றம், டீசல் நாற்றம். வேறு ஒன்றும் இல்லை. மதுவிலக்கு ஊரில் வாசனை தெரியாமல் குடிக்க வழி கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பங்குனி மாதம் திருக்கோகர்ணத்தில் யாரும் வீடு தங்கவில்லை. ஒரு பக்கம் கால்பந்துப் போட்டி. ஊர் ஊராக வந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் படிப்பகத்தின் ஆண்டு விழா. நார்த்தாமலைக்குப் பூத்தட்டு தூக்குகிறவர்கள் ஒரு கூட்டம், ஆவூர் மாதா கோயில் ஈஸ்டருக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு கூட்டம். பஸ் கம்பெனிக்கு ஸ்பெஷலுக்கு மேல் ஸ்பெஷல்.

முத்துராமன் மீமிசல் ரூட்டில் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறவர். விடியலில் வண்டி எடுத்தால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். நேரே மைதானம்தான். ராத்திரிச் சாப்பாட்டில் அன்றைய ஆட்டத்தைச் சொல்லுவார். யார் பந்தை எங்கே கடத்தினான், கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்ந்தான் என்று ஒன்று விடாமல் வரும். மகள் அழகி வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்து கேட்பாள்.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்பெல்லாம் வாரப் பத்திரிகை வந்தால் தொடர்கதையை அவர்தான் உரக்கப் படிப்பார். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் அதைக் கேட்கவென்றே சோற்றை வடித்துவிட்டு ஓடி வருவாள். இந்த மாதம் முழுக்கப் பத்திரிகையை அழகியிடம் தள்ளிவிட்டார்.

"நீ படி தாயி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின புள்ள படிச்சாத்தான் எழுத்துக்கு மரியாதை."

அழகிக்குப் பெருமை. செங்கமலத்துக்கு அதுவும் சந்தேகம். நாக்குக் குழறுவது தெரிந்துவிடும் என்றுதான் படிக்க மறுக்கிறார்.

இன்று சனிக்கிழமை, கடைசி ஆட்டம். யாரோடு சேர்ந்து குடிக்கிறார் என்று நேரில் பார்த்துவிடுவது என்று செங்கமலம் மைதானத்துக்குக் கிளம்பினாள். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் பந்தாட்டம் பார்க்க அவள் போனது இதுதான் முதல் தடவை.

"ஆத்தா, நீயா வர்றே?" அழகியால் நம்ப முடியவில்லை.

"ஏன், நான் வந்தா பந்து உருளாதா?"

அழகிக்கு இன்று நிற்க நேரமில்லை. படிப்பகத்தில் பெண்களுக்கென்று மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்; அதைப் பார்த்துக்கொள்வது அவள்தான். ஆண்டு விழாவை ஒட்டி அந்தப் பெண்கள் எல்லோரும் ஆவூருக்கு, ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் பார்க்கப் போகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் மைதானத்து வாசலிலிருந்தே ஸ்பெஷல் பஸ். ஓட்டப்போவது அப்பா. அதைச் சொல்லிச் சொல்லியே அவள் எல்லா வீட்டுப் பெண்களையும் அனுப்பச் சம்மதம் வாங்கியிருந்தாள். "எங்கப்பாதான் வண்டி எடுக்குறாரு" என்றால் எந்த வீட்டிலும் மறுபேச்சு வரவில்லை.

மைதானத்தின் வடக்கு மூலையில் ஓலைத் தட்டி வைத்துப் பெண்களுக்குப் பாய் விரித்திருந்தார்கள். செங்கமலமும் பொன்னுத்தாயும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். கிழக்குப் பக்கத்து பெஞ்சில் முத்துராமன் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக இருந்தார். பக்கத்தில் அவருடைய கண்டக்டர் சூசைராஜ், ஆவூர்க்காரன். ஆறு வருஷமாக ஒரே வண்டி. இவனோடுதான் குடிக்கிறாராக்கும் என்று செங்கமலம் பல்லைக் கடித்தாள்.

விசில் ஊதியது. உள்ளூர்க்காரர்களுக்கு மஞ்சள் பனியன், தஞ்சாவூர்க்காரர்களுக்கு நீலம்.

செங்கமலத்துக்கு ஆட்டம் விளங்கவில்லை. ஒரு பந்துக்கு இத்தனை பேர் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று இருந்தது. அதனால் அவள் பந்தைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

பந்து தெற்கே போனது. கிழக்குப் பெஞ்சில் இருந்த தலைகள் எல்லாம், காற்றடித்த நெற்பயிர் மாதிரி, தெற்கே சாய்ந்தன. வடக்கே வந்தது. எல்லாத் தலையும் வடக்கே திரும்பியது.

ஒரு தலை மட்டும் திரும்பவில்லை.

முத்துராமன் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சூசைராஜ் அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னான். அப்புறம்தான் அவர் திரும்பினார். அதற்குள் பந்து வேறு எங்கோ போயிருந்தது. கூட்டம் "ஓ!" என்று எழுந்தபோது அவரும் எழுந்தார், ஒரு நொடி கழித்து. கூட்டம் உட்கார்ந்தபோது அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். சூசைராஜ் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தான்.

போதையில் இருக்கிறவனும் இப்படித்தான் இருப்பான் என்று செங்கமலம் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் சூசைராஜின் வாய் ஓயவே இல்லை. ராத்திரி சாப்பாட்டில் அவர் சொல்லுகிற ஆட்டமெல்லாம் இந்த வாயிலிருந்து வந்ததுதானா?

சூசைராஜ் எழுந்து சோடா வாங்கப் போனான். அவன் அந்தப் பக்கம் போன சமயத்தில் தஞ்சாவூர்க்காரன் ஒருவன் பந்தை ஓங்கி உதைத்தான். பந்து கோட்டைத் தாண்டிக் கிழக்குப் பெஞ்சை நோக்கிச் சீறி வந்தது. முன்னால் இருந்தவர்கள் குனிந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கையைத் தூக்கினார்கள். முத்துராமன் அசையவில்லை. சாய்ந்த வெயில் முகத்தில் அடிக்க, எதையோ ரசிக்கிறவர் மாதிரி லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பந்து அவர் நெற்றியில் அடித்தது. தொப்பி பறந்தது. மைதானமே சிரித்தது.

"பந்து வர்றதுகூடத் தெரியாம அப்படி என்ன யோசனையோ ஒங்க வீட்டுக்காரருக்கு!" என்று பொன்னுத்தாயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

முத்துராமனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து, கையால் தரையைத் துழாவினார். தொப்பி அவர் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கை அதைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டிப் போனது.

செங்கமலத்துக்குச் சிரிப்புச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டது.

குடித்தவன் கை அப்படித் துழாவாது.

இடைவேளை விட்டார்கள். சோடாக் கடைப் பின்புறம் சூசைராஜை அவள் பிடித்தாள்.

"தம்பி, இங்கிட்டு வாங்க."

"அண்ணி! நீங்களா? அண்ணன் சொல்லவே இல்லையே."

"அவருக்கே தெரியாது. நான் கேக்குறதுக்கு நேரா பதில் சொல்லுங்க. அவரு குடிக்கிறாரா?"

"ஐயையோ, மாதா மேல சத்தியமா இல்லண்ணி. அண்ணன் கைநீட்டி அதைத் தொட்டதே இல்ல."

"அப்பக் கண்ணு தெரியலை. அதான?"

கையிலிருந்த சோடாவை அவன் கீழே வைக்கப் பார்த்தான். பாட்டில் சாய்ந்து மண்ணில் நுரை கொட்டியது. நிமிர்த்தக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"சொல்லுங்க தம்பி."

"புரைண்ணி. ரெண்டு கண்ணுலயும்." அவன் குரல் இறங்கிவிட்டது. "தீபாவளி சமயத்துல ஆரம்பிச்சது. வெயில்ல எல்லாம் வெள்ளையாத் தெரியுதாம். பொழுது சாஞ்சா எல்லாம் கருப்பாம். மதுரையில ஒரு டாக்டரைப் பாத்தோம். ஆபரேசன் பண்ணினாப் பாதிக்கு மேல திரும்பிரும்னுதான் சொன்னாரு. அண்ணன்தான் பயப்படுறாரு. அவங்க அப்பாவுக்கு அப்படிப் பண்ணித்தான் உள்ளதும் போச்சாமே."

செங்கமலம் மாமனாரை நினைத்துக்கொண்டாள். அவள் வாழ வந்தபோதே அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போவார்.

அந்த நினைப்பு முடிவதற்குள் அடுத்தது வந்து விழுந்தது.

"அப்ப... பஸ்ஸு?"

சூசைராஜ் சாய்ந்து கிடந்த பாட்டிலைப் பார்த்தான்.

"தம்பி! பஸ்ஸை யாரு ஓட்டுறது?"

"அண்ணன்தான் ஓட்டுறாரு. ரோடு அவருக்கு மனப்பாடம் அண்ணி. எந்த எடத்துல பள்ளம், எந்த எடத்துல பாலம், எல்லாம் ஒடம்புலயே இருக்கு. குறுக்க எதுனாச்சும் வந்தா மட்டும் நான் பக்கத்துல நின்னு சொல்லுவேன். 'இடது ஒதுங்குங்கண்ணே, மாட்டு வண்டி வருது'ம்பேன். ஒதுங்கிருவாரு. ஒண்ணும் ஆகலை. இத்தனை நாளு ஒண்ணுமே ஆகலை."

"சனங்க உசுரை வச்சுக்கிட்டு வெளையாடியிருக்கீங்க ரெண்டு பேரும்."

"ஈஸ்டர் முடியட்டும்னாரு அண்ணி. ஸ்பெஷல் எல்லாம் முடிஞ்சதும் மொதலாளிகிட்ட அவரே சொல்லிர்றேன்னாரு. அந்த ஸ்டீயரிங்கு இல்லாட்டி நான் யாருடான்னு கேட்டாரு. எனக்கு வேலை வாங்கிக் குடுத்த மனுசன். நான் என்ன சொல்லுவேன்?"

விசில் ஊதியது. சூசைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினான். இன்னும் அவன் ஒரு பாதி ஆட்டம் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் மைதானத்தில் என்ன நடந்தது என்று செங்கமலத்துக்குத் தெரியாது. மஞ்சள் பனியன் கோல் போட்டிருக்க வேண்டும். பொன்னுத்தாய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். துண்டுகள் மேலே பறந்தன. கொட்டு முழங்கியது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு பையன்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அவள் மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தால் எல்லாம் கருப்பாம்.

வாசலில் பஸ் தயாராக நின்றது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவள் டிரைவர் பக்கக் கதவுக்குப் போய்ச் சேர்வதற்குள் முத்துராமன் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, கொஞ்சம் எறங்குங்க."

குரல் வந்த பக்கம் தலை திரும்பியது. அவர் கண்ணைப் பார்த்தாள். இத்தனை நாள் தெரியாமல் போனது எப்படி? கருவிழியில் பால் கலந்த மாதிரி இருந்தது.

"நீயா? நீ எங்க இங்க வந்தே?"

"எறங்குங்கன்னேன்."

"வண்டி கெளம்புற நேரத்துல என்ன இது? எதுனாலும் வந்து பேசிக்கலாம்."

அவள் ஜன்னலைப் பிடித்து எக்கி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "சூசை எல்லாத்தையும் சொல்லிருச்சு."

முத்துராமனின் கை ஸ்டீயரிங்கில் இறுகியது.

"இந்த ஒரு ட்ரிப்பு," என்றார். "இதோட சரி. நாளைக்கு நானே சொல்லிர்றேன்."

"உள்ள அழகி இருக்கா."

"எம்மகளைப் பத்திரமா கொண்டு போயிச் சேக்க எனக்குத் தெரியாதா? போ. ஆளுக பாக்குறாங்க."

ஆட்கள் பார்க்கத்தான் பார்த்தார்கள். புருஷனை வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று யாரோ கேலி பேசினார்கள். செங்கமலம் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடினாள். முன் சீட்டில் ஜன்னலோரம் அழகி, மடியில் கூடையுடன்.

"அழகி, எறங்கு."

"என்னாத்தா?"

"கேக்காத. எறங்கு."

"எல்லாரும் ஏறியாச்சு ஆத்தா. நான் கூட்டிக்கிட்டு வந்துட்டு நானே எறங்கினா என்ன நெனப்பாங்க?"

செங்கமலம் உள்ளே பார்த்தாள். வரிசை வரிசையாகத் தலைகள். தலை நிறையக் கனகாம்பரம். பொன்னுத்தாயின் மகள் இருந்தாள். தையற்காரர் வீட்டுப் பெண் இருந்தாள். கைப்பிள்ளையோடு ஒருத்தி, முதல் தடவையாக ஊரைத் தாண்டிப் போகிறவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழகி சொல் கேட்டு, அழகியின் அப்பா பேரைக் கேட்டு ஏறினவர்கள்.

மகளை மட்டும் இறக்கிவிட்டு இந்தப் பஸ்ஸைப் போக விடுவதா?

கத்திச் சொல்லிவிடலாம். "இவருக்குக் கண் தெரியாது" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. பதினெட்டு வருஷம் இந்த ஊர் கையெடுத்துக் கும்பிட்ட மனிதர் தலையில், கட்டின பெண்டாட்டியே நடுத்தெருவில் மண்ணை வாரிப் போடுவதா?

சூசைராஜ் எங்கே என்று தேடினாள். கூட்டம் அவனைப் பின்வாசலுக்குத் தள்ளியிருந்தது. அங்கிருந்து அவன் "வழி விடுங்க, முன்னாடி போகணும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். யாரும் வழி விடவில்லை.

எஞ்சின் உறுமியது. முகப்பு விளக்குகள் எரிந்தன.

செங்கமலம் யோசிக்கவில்லை. ஓடிப்போய்ப் பஸ்ஸுக்கு முன்னால், நட்ட நடுவில் நின்றாள்.

என்ன இருந்தாலும் தன்னைத் தெரியும் என்று நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். மாடு தெரியாமல் போகலாம், வண்டி தெரியாமல் போகலாம், பந்து தெரியாமல் போகலாம். இத்தனை பக்கத்தில், இத்தனை வெளிச்சத்தில், மஞ்சள் சேலை கட்டி நிற்கிற பெண்டாட்டியைத் தெரியாதா? பார்ப்பார். பார்த்து எரிந்து விழுவார். இறங்கி வருவார். அவ்வளவுதான்.

கண்ணாடிக்குப் பின்னால் முத்துராமனின் முகம் தெரிந்தது. நேரே அவளைத்தான் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பஸ் நகர்ந்தது.

அவளுக்குக் கால் எழவில்லை. பயத்தினால் இல்லை, நம்ப முடியவில்லை. அவர் தன்னைப் பார்த்துக்கொண்டே வருகிறார். பார்த்துக்கொண்டே. எஞ்சின் மூடியின் சூடு முகத்தில் அடித்தது.

"அப்பா! ஆத்தா! அப்பா, ஆத்தா நிக்கிது!"

அழகி அலறிய அலறலில் கொட்டுச் சத்தம் அறுந்து நின்றது. பிரேக் கிறீச்சிட்டது. வண்டிக்குள் எல்லோரும் முன்னால் சரிந்து விழுந்தார்கள், கைப்பிள்ளை வீறிட்டது. பம்பர் செங்கமலத்தின் முழங்காலில் இடித்து நின்றது. அவள் விழவில்லை. இரண்டு கையாலும் எஞ்சின் மூடியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் வண்டியைச் சுற்றி நெருங்கியது.

கதவு திறந்தது. முத்துராமன் இறங்கினார். ஒரு கையை வண்டியின் பக்கவாட்டில் வைத்துத் தடவித் தடவி முன்னால் வந்தார். சக்கரத்தின் மேல் வளைவு, விளக்கு, விளிம்பு என்று அந்தக் கை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வந்தது. முதலில் அவள் தோளில் பட்டது. அப்புறம் கன்னத்தில், நெற்றியில், மூக்குத்தியில்.

"செங்கமலம்?" என்றார். "நீயா?"

இத்தனை பேர் நடுவில் அவர் அவளைத் தொட்டதும் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் நெற்றியில் பந்து பட்டதற்குச் சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். இப்போது ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

"நான்தாங்க," என்றாள் செங்கமலம்.

"நீ நின்னது எனக்குத் தெரியலை."

"தெரியும்னு நெனச்சுத்தான் நின்னேன்."

முத்துராமனின் கை அவள் முகத்திலிருந்து நழுவியது. அவர் திரும்பினார். பரிசு வழங்க வந்திருந்த பஸ் முதலாளி, "என்னய்யா நடந்தது?" என்று கேட்டபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் குரல் கேட்ட திசையைப் பார்த்து முத்துராமன் தொப்பியைக் கழற்றினார்.

"மொதலாளி, எனக்குக் கண்ணு தெரியலை. கொஞ்ச நாளாவே தெரியலை. மறைச்சுட்டேன். வேற ஆளை வச்சு வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

காலையில்கூட இந்த வண்டியில்தான் முதலாளி வீட்டார் மீமிசல் போய் வந்திருந்தார்கள். அவர் முத்துராமனைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். "வண்டியை எடுக்கக் குழந்தைசாமியைக் கூப்பிடு" என்று மட்டும் யாரிடமோ சொன்னார். சூசைராஜைத் திரும்பிப் பார்த்து, "நீ வண்டியில ஏறாத" என்றார். அவ்வளவுதான்.

தையற்காரர் வீட்டுப் பெண் போகும்போது அழகியின் முகத்தைப் பார்க்கவில்லை. பொன்னுத்தாய் தன் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள். செங்கமலத்திடம் வந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். மகளின் தலையைத் தடவிக்கொண்டே போய்விட்டாள்.

குழந்தைசாமி வந்து, போகிறவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸை எடுத்துப் போனான். கோப்பைக்காரர்கள் கொட்டுக்காரர்களை அழைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், ஊருக்குள் போனார்கள். வாசலில் நான்கு பேர்தான் மிச்சம். முத்துராமன் மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தார். அழகி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லலை? நான் படிச்சுச் சொல்ல மாட்டேனா? நான் கூட்டிக்கிட்டுப் போக மாட்டேனா?"

"நீ பாவம் தாயி. அப்பாதான் ஓட்டுறாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே."

செங்கமலம் முழங்காலைத் தடவிக்கொண்டாள். இப்போதுதான் வலி தெரிந்தது. ஆனாலும் மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. போன மானம் போகட்டும். ஒரு உயிரும் போகவில்லை. ஆபரேஷன் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், கையும் காலும் இருக்கிறது. பிழைத்துக்கொள்ளலாம்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

முத்துராமன் எழுந்திருக்கவில்லை.

"சூசை எங்க இருக்கான்?"

"இங்கதாண்ணே இருக்கேன்." கொஞ்சம் தள்ளி வேலியோரம் நின்றவன் பக்கத்தில் வந்தான்.

"இன்னிக்கு இவ வண்டிக்கு முன்னால நின்னா. எனக்குத் தெரியலை. எந்த வித்தியாசமும் தெரியலை. காலி ரோடு மாதிரித்தான் இருந்துச்சு." அவர் மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்து எடுத்து வைக்கிறவர் மாதிரி. "மாசி மாசம் ஒரு நா விடியக்காலம். மீமிசலுக்கு இங்கிட்டு, உப்பளம் தாண்டி, பாலத்துக்கிட்ட. எடது பக்கம் எதுலயோ தட்டுச்சு. நான் பிரேக்குல காலை வச்சேன். ஆடுண்ணே, நிறுத்தாதீங்க, ஊருக்காரன் புடிச்சுக்குவான்னு நீ சொன்னே."

சூசைராஜ் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஆமாண்ணே. சொன்னேன்."

"ஆடுதானடா?"

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். சூசைராஜின் விரல்கள் சட்டைக்குள் போய், கழுத்தில் கிடந்த, மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவன் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

"தம்பி," என்றாள் அவள். "ஆடுன்னு சொல்லுங்க தம்பி."

"கருக்கலா இருந்துச்சு அண்ணி." அவன் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. "நான் டிக்கெட்டைப் பாத்துக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிந்தேன். அதுக்குள்ள வண்டி தாண்டிருச்சு. ஆடாத்தான் இருக்கணும்னு நெனச்சேன். யாரும் தேடி வரலை. யாரும் கேக்கலை. அதனால ஆடுதான்னு..."

"பாத்தியா நீ?" என்றார் முத்துராமன்.

"எறங்கிப் பாக்கலைண்ணே."

அழகியின் விக்கல் நின்றுவிட்டது. அவள் கை அப்பாவின் கையை விட்டு நழுவுவதைச் செங்கமலம் பார்த்தாள். முத்துராமனும் அதை உணர்ந்தார். அந்தக் கையை அவர் திரும்பத் தேடவில்லை. வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

செங்கமலம் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"காலையில மீமிசலுக்கு மொத வண்டி எப்பங்க?" என்று கேட்டாள். "நாம எல்லாருமே போறோம். தம்பி, நீங்களும்தான். அந்தப் பாலத்துக்கிட்ட எறங்கி, அக்கம்பக்கத்துல இருக்குற ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கணும்."

"என்னன்னு கேக்குறது ஆத்தா?" என்றாள் அழகி.

செங்கமலம் பதில் சொல்ல வாயெடுத்தாள். 'ஒங்க வீட்டுல யாராச்சும் காணாமப் போனாங்களா?' என்ற கேள்வி அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. பெற்ற மகளிடம்கூட அதை உரக்கச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.